ஜாடிக்குள் பஸ் அக்கா

குண்டூசி என்பது அக்கா வைத்த பெயர். சின்ன வயதில் அவன் அவ்வளவு ஒல்லி. ஐம்பதைத் தொட்டு, தொப்பையும் வழுக்கையும் வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பெயர் அவனை விட்டுப் போகவில்லை. ஐம்பது வயது மனிதரை 'அவன்' என்று எழுதுவது மரியாதை இல்லைதான். ஆனால் அக்கா வாயில் புழங்கிய பெயரோடு 'அவர்' ஒட்டாது. அவன் என்றே இருக்கட்டும்.

பிழைப்பு, பல் செய்வது. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மெழுகு உருக்கி, வார்த்து, ராவி, மெருகேற்றி, யார் யார் வாய்க்கோ சிரிப்பு செய்து அனுப்புவான். அந்த வாய்களில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. அந்த வேலை முடிந்ததும் அதே மேசையில், அதே இடுக்கி, அதே உருப்பெருக்கிக் கண்ணாடியோடு இன்னொரு வேலை தொடங்கும். அது ஜாடி வேலை.

அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடி ஒன்று. அடியில் கூழாங்கல், அதன்மேல் கரித்துண்டு, ஒரு துண்டு வலை, பிறகு மண், மண்ணுக்கு மேல் பாசி, நடுவில் குட்டிக் குட்டியாக இலைவிடும் பெரணி. மூடிவிட்டால் உள்ளே இருக்கிற ஈரமே ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, திரும்ப மண்ணுக்கே இறங்கும். மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இதுவரை நாலு பேர் செய்வதுதான். குண்டூசி அதற்குள் ஆட்களைக் குடிவைப்பான். காளானுக்குச் சவரம் செய்யும் முடிதிருத்துபவர். நத்தையை மறித்து லைசென்ஸ் கேட்கும் போக்குவரத்துக் காவலர். ஒரு ஜாடியில், வீணாய்ப்போன பல்செட்டைப் பாசிமேல் வைத்து, ஒவ்வொரு பல்லின் மேலும் ஒரு ஆளை உட்கார வைத்து நாடகம் பார்க்க விட்டிருந்தான். ஆட்களைப் பசை போட்டு ஒட்ட மாட்டான். பசையின் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும் என்பதால், காலில் மெல்லிய இரும்புக் கம்பி சொருகிப் பாசியில் குத்தி நிறுத்துவான்.

"ஊர்ல மனுஷனுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கல, இவன் பாட்டிலுக்குள்ள ஆளக் குடிவைக்கிறான்" என்பாள் அக்கா. சொல்லிவிட்டு, மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அக்கா மாடியில் தனியாக இருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுவது வேலை. பிள்ளைகளுக்கு அவள் 'பஸ் அக்கா'. காலையில் பேருந்துக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்பாள். தாமதமாக வரும் பொடிசுகள் அந்த நிற்பைத் தூரத்தில் பார்த்ததும் ஓட ஆரம்பித்துவிடும். ஓட்டும்போது தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் ஒரு கண் இருக்கும். யார் யாரைக் கிள்ளியது, யார் பொய் சொல்கிறது, யாருக்கு வாந்தி வரப்போகிறது என்பதெல்லாம் திரும்பிப் பார்க்காமலே தெரியும். வாய் ஓயாது. தம்பிக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள் என்பதால் குண்டூசிக்குப் பேச்சு பெரிதாகத் தேவைப்பட்டதே இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையே கெட்டுப்போயிற்று என்றார் டாக்டர். உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால் மாற்றிப் பார்க்கலாம் என்றார். குண்டூசியுடையது பொருந்தியது. அவன் இடுப்பெலும்பிலிருந்து எடுத்தார்கள். ஒரு பையில் சிவப்பாகத் தொங்கவிட்டு அக்காவின் உடம்புக்குள் இறக்கினார்கள். இனி அது அங்கே பிடிக்க வேண்டும். பிடிக்கும்வரை அக்காவின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று எதுவும் கிடையாது. தனி அறை. டாக்டர், நர்ஸ் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது. போன்கூட உள்ளே போகாது. நடைபாதைப் பக்கம் பெரிய கண்ணாடிச் சன்னல் ஒன்று, அதன் கீழே சுவரில் பதித்த பேசும் பெட்டி ஒன்று. வெளியே இருக்கிறவர் பொத்தானை அழுத்திப் பேச வேண்டும். உள்ளே பேசுவது தானாகவே வெளியே கேட்கும்.

அக்கா பேசவில்லை. முதல் தடவையாக அவள் வாய் ஓய்ந்தது. தலைமுடி போயிற்று, நாக்கில் புண், கண் மட்டும் பெரிதாக இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"இப்படியே கிடந்தா நெஞ்சுல சளி கட்டும்" என்றார் டாக்டர், குண்டூசியிடம். "மஜ்ஜை பிடிக்கிறது ஒரு பக்கம். அதுவரைக்கும் நுரையீரல் தாங்கணும். தினம் எழுந்து நிக்கணும், நாலடி நடக்கணும். சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. நீங்க சொல்லிப் பாருங்க."

குண்டூசி பொத்தானை அழுத்திச் சொன்னான். அக்கா சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். "எதுக்குடா நிக்கணும்? எந்த பஸ் எனக்காக நிக்குது? வேற ஆளப் போட்டுட்டாங்க."

அக்கா கோபப்பட்டுப் பார்த்திருக்கிறான், அழுதுகூடப் பார்த்திருக்கிறான். வேண்டாம் என்று விட்டுவிட்டதைப் பார்த்ததில்லை. தன் எலும்புக்குள் இருந்தது அவளுக்குள் போய்ச் சேர்ந்தும், அவளே எழுந்து நிற்க மறுத்தால் அது எதைப் பிடித்துக்கொள்ளும்? வீட்டுக்குப் போனவன் நேராக மேசைக்குப் போய் ஒரு ஜாடியை எடுத்தான். பேசத் தெரியாதவனுக்குக் கை வேலைதான் பேச்சு.

பேருந்தைப் பல் செய்கிற பொருளிலேயே செய்தான். மஞ்சள் வேண்டுமே என்று தேடியபோது, புகை பிடித்துப் பிடித்துப் பல் காவியேறியவர்களுக்காக வைத்திருக்கும் நிறம் கண்ணில் பட்டது. அச்சு அசலாகப் பள்ளிப் பேருந்து மஞ்சள். சன்னல் வைத்தான், பின்பார்வைக் கண்ணாடி வைத்தான், கதவில் அக்கா ஒரு தடவை சுவரில் உரசி வாங்கிய கீறலைக்கூட வைத்தான். பேருந்துக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டிப் பிள்ளைகளை நிறுத்தி, ஈறு நிறத்தில் மிச்சமிருந்ததை அவர்களின் பைகளுக்குப் பயன்படுத்தினான். முன்னால் அக்கா, நீலச் சட்டை, இடுப்பில் கை. தலையில் முடி வைப்பதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் இடுக்கியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு கொண்டையே வைத்தான். நிறுத்தத்துக் கம்பமாக ஒரு சுள்ளியை நட்டான். வழக்கமாகச் சுள்ளியைக் கொதிக்க வைத்துத்தான் உள்ளே விடுவான், இல்லையென்றால் பூஞ்சை வரும். அன்று அவசரத்தில் அலசி மட்டும் நட்டான்.

ஆஸ்பத்திரியில் அந்த மாடிக்குப் பொறுப்பான நர்ஸ் ஜாடியைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார். "பூ, செடி, மண்ணு, மூணும் இந்த மாடிக்கு ஆகாது. நீங்க மூணையும் ஒண்ணா கொண்டு வந்திருக்கீங்க."

"உள்ள வேண்டாம். வெளியவே, சன்னல் மேடையில. மூடிய மெழுகால அடைச்சுட்டேன். காத்துகூடப் போகாது."

நர்ஸ் ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவில் இருந்த கீறலைக் கவனித்தார். பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியால் தானே ஜாடி முழுவதும் துடைத்து, சன்னலை ஒட்டினாற்போல் மேடையில் வைத்தார். "இங்க வச்சு மட்டும் எப்பவும் திறக்கக் கூடாது. திறந்தீங்கன்னா அடுத்த நிமிஷம் ஜாடியும் நீங்களும் கீழ இருப்பீங்க."

குண்டூசி பொத்தானை அழுத்தினான். "அக்கா, இந்தப் பக்கம் பாரேன்."

அக்கா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள். அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பச்சையா ஏதோ பாட்டில் தெரியுதுடா" என்றாள். "கஷாயமா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காலமெல்லாம் உருப்பெருக்கிக்குக் கீழே வேலை செய்தவன், கட்டிலுக்கும் சன்னலுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று யோசிக்கவே இல்லை. கொண்டை கடுகளவு, கீறல் மயிரளவு. படுத்திருப்பவள் கண்ணுக்கு அது ஒரு பச்சைப் பாட்டில், அவ்வளவுதான். தன் மேலேயே அவனுக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

போட்டோ எடுத்துப் பெரிதாக்கிச் சன்னலில் ஒட்டலாம் என்று அவன் மனைவி யோசனை சொன்னாள். மறுநாள் அக்காவிடம் கேட்டான். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள்.

"போட்டோ பாக்கறதுக்கு ஜாடி எதுக்கு? நீ சொல்லு. உள்ள என்ன இருக்குன்னு சொல்லு. பொறந்ததுலேர்ந்து நீ பேசி நான் கேட்டதில்ல."

அவன் சொன்னான். முதலில் இருப்பதை மட்டும் சொன்னான்: பேருந்து, பிள்ளைகள், பைகள், கம்பம், அவள். "நான் எப்படி இருக்கேன்?" என்றாள். "இடுப்புல கை வச்சிருக்க." "கொண்டை?" "இருக்கு." அவள் தன் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

இருப்பதெல்லாம் தீர்ந்ததும் இல்லாததைச் சொல்ல வேண்டி வந்தது. இன்று காலை கண்ணாடியில் பனி படிந்ததால் பேருந்து விளக்குப் போட்டுக்கொண்டு கிளம்பியது. குட்டிப் பையன் ஒருவன் பெரணி இலையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு வந்து, மடக்கத் தெரியாமல் வாசலில் மாட்டிக்கொண்டான். கூழாங்கல்லின் சொந்தக்காரர் என்று ஒருவர் வந்து பாதையை மறித்தார். பஸ் அக்கா ஹாரன் அடித்தே அவரை விரட்டினாள். பேசும் பெட்டியின் முன் குனிந்து, பொத்தானை அழுத்திய கட்டைவிரல் வெளுக்க, வாழ்நாளில் பேசாததையெல்லாம் பேசினான். நடைபாதையில் தள்ளுவண்டி தள்ளுகிறவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்புவதை விட்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. நர்ஸ் கையை நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்தப் பாசி பிடிச்சுதாடா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"பிடிச்சிருச்சு. கெட்டியா பிடிச்சிருக்கு."

"அது பிடிச்சா இதுவும் பிடிக்கும்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவள் இப்படியெல்லாம் கணக்குப் போடுகிற ஆள் இல்லை. அதனாலேயே அவனுக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரம்தான் கொதிக்க வைக்காத சுள்ளி தன் வேலையைக் காட்டியது. முதலில் கம்பத்தின் அடியில் பஞ்சு போல ஒரு வெள்ளை. அடுத்த நாள் கம்பம் முழுவதும். பிறகு பாசியில் இறங்கி, பேருந்துச் சக்கரம்வரை வந்துவிட்டது. மூடியைத் திறந்து சுள்ளியைப் பிடுங்கி, காற்றாட விட்டால் சரியாகிவிடும். வேறு யாருடைய ஜாடியாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். வீட்டுக்குக் கொண்டு போய்ச் செய்யலாம் என்றால், மேடையில் ஜாடி இல்லாததை அக்கா உடனே பார்த்துவிடுவாள். பார்த்து என்ன நினைப்பாளோ என்று அவன் துணியவில்லை.

"இன்னைக்கு என்னடா நடந்தது?"

"எல்லாம் நல்லா இருக்கு அக்கா."

அடுத்த நாளும் அதையே சொன்னான். அதற்கடுத்த நாள் குனிந்து பார்த்தபோது அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூஞ்சை தின்ற பாசி குழைந்து, குத்தியிருந்த கம்பி பிடி இழந்து, இடுப்பில் கை வைத்தபடியே அக்கா சாய்ந்துவிட்டிருந்தாள். பேருந்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில், சன்னல் பக்கமாக விழுந்து கிடந்ததால் இந்தப் பக்கத்திலிருந்து செருப்பு மட்டும் தெரிந்தது.

அன்றிரவு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெறும் பொம்மை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். தன் கையால் செய்ததை வெறும் பொம்மை என்று அவனால் நம்ப முடியவில்லை. காலையில் மேசையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்க்கும் கருவியில் அச்சைப் பிடித்து வைக்கிற காந்தம் அது, நல்ல பலம். காலில் இருப்பது இரும்புக் கம்பி. அக்கா தூங்கும் நேரமாகப் பார்த்து, வெளியிலிருந்தே இழுத்து நிறுத்திவிடலாம் என்பது திட்டம்.

அக்கா தூங்கவில்லை. அவனைப் பார்த்ததும் கேட்டாள்.

"நான் நிக்கறேனாடா?"

"நிக்கற அக்கா."

"எங்க?"

"அங்கேயேதான். எல்லாம் நல்லா இருக்கு."

அக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

"குண்டூசி" என்றாள் அக்கா. "குடை மடக்கத் தெரியாத பையன்லேர்ந்து கூழாங்கல்லுக்காரன் வரைக்கும் ஒவ்வொண்ணா சொன்னவன் நீ. மூணு நாளா 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னு மட்டும் சொல்ற. பின் சீட்டுல ஒருத்தன் வாந்தி எடுத்து வச்சிருந்தா, மொத்த பஸ்ஸும் 'ஒண்ணுமில்ல பஸ் அக்கா'ன்னுதான் சொல்லும். இந்தக் குரல் எனக்குத் தெரியாதா?"

அவன் விரல் பொத்தானில் இருந்து நழுவியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா போர்வையை விலக்கினாள். கட்டில் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்தாள். தலையைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கினாள். நர்ஸ் உள்ளேதான் இருந்தார். ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. மருந்துக் கம்பத்தை மட்டும் அவள் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கால்கள் வெடவெடவென்று ஆடின. வழக்கமாகப் பேருந்தின் படியில் ஒரே தாவாகத் தாவி ஏறுகிறவள், வழவழத்த தரையில் காலைத் தேய்த்துத் தேய்த்துச் சன்னலுக்கு வந்து சேர்ந்தாள். நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக் கீழே பார்த்தாள்.

அவள் பக்கத்திலிருந்துதான் எல்லாம் தெரிந்தது. வெள்ளைப் பூஞ்சைக்கு நடுவில், நீலச் சட்டையோடு, கொண்டையோடு, குப்புற.

"அக்கா, சுள்ளிய நான் கொதிக்க வைக்கல. என் தப்பு. பொம்மைதான் அக்கா, வேற ஒண்ணுமில்ல." பொத்தானை அழுத்தாமலே பேசிக்கொண்டிருந்தான் அவன். அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

"மூஞ்சி குப்புற விழுந்திருக்கேன்" என்றாள் அக்கா. மூச்சு இரைத்தது. "கை மட்டும் இடுப்புலேர்ந்து எடுக்கல பாரு. திமிரு."

அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

"பசங்க எல்லாம் நிக்கறாங்களே, பஸ் எப்படிக் கிளம்பும்? தூக்குடா என்னை."

குண்டூசி காந்தத்தை எடுத்தான். ஜாடிக்கும் சன்னலுக்கும் இடையே விரல் நுழைகிற இடைவெளிதான் இருந்தது. அதற்குள் காந்தத்தோடு கையை விட்டான். விழுந்தவள் இருக்கும் இடம் பேருந்தின் மறைவில். இவன் கண்ணுக்குத் தெரியாது. ஜாடியைத் திருப்பிக்கொள்ளலாம் என்று இன்னொரு கையை அதன் கழுத்தில் வைத்தான். அப்போது நிமிர்ந்து பார்த்தான். எத்தனையோ நாளாக நிற்க மறுத்தவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை கம்பத்தில், ஒரு கை கண்ணாடியில், முழங்கால் நடுங்க நடுங்க. அவன் ஜாடியின் கழுத்திலிருந்து கையை எடுத்துவிட்டான். அந்தக் கையால் பொத்தானை அழுத்தினான்.

"எனக்குத் தெரியல அக்கா. நீதான் சொல்லணும்."

"சரி, கேளு. கீழ இறக்கு. இன்னும். உன் இடது இல்லடா, என் இடது. ஆங், அங்கதான். ஒட்டுச்சா?"

"தெரியல."

"கால் அசையுது. மெதுவா இழு. மெதுவான்னா மெதுவா. அவசரப்பட்டுத்தான் சுவத்துல உரசுனேன் அன்னைக்கு." ரிவர்ஸ் எடுக்கும் வண்டிக்குப் பின்னால் நின்று சொல்வதுபோல் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். நடுவில் இருமல் வந்தது. நெஞ்சு குலுங்க இருமி, தேங்கியிருந்த சளியைத் துணியில் துப்பினாள். நர்ஸ் துணியை வாங்கிக்கொண்டு மறுபடி ஒதுங்கினார். "போடா, கைய விட்டுட்டியா? திரும்பப் பிடி. கொஞ்சம் பின்னால. பூஞ்சை பக்கம் வேண்டாம், சக்கரத்துக்கிட்ட நல்ல பாசி இருக்கு, அங்க கொண்டு போ."

ஈறையும் பல்லையும் மயிரிழை பிசகாமல் பொருத்துகிற அந்தக் கைக்கு இப்படி ஒரு வேலை வாய்த்ததில்லை. பார்க்காமல், அக்காவின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போனான். இரண்டு தடவை பொம்மை நழுவி விழுந்தது. இரண்டு தடவையும் அக்கா திட்டினாள். மூன்றாம் தடவை கம்பி பாசிக்குள் இறங்குவது விரலுக்கே தெரிந்தது.

"போதும். நிப்பாட்டு" என்றாள் அக்கா. "நிக்கறேன்."

நர்ஸ் நாற்காலியைக் கொண்டு வந்து அவள் பின்னால் போட்டார். அக்கா உடனே உட்காரவில்லை. ஜாடியைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பேருந்துக் கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை அது, அதன் எதிரே யாரும் தலை நிமிர்ந்ததில்லை.

"ஜாடியத் திருப்பியிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்குமேடா."

"தோணல அக்கா."

"கழுத்துல கை வச்சத நான் பாத்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். அக்கா நாற்காலியில் மெல்ல இறங்கி, கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள். மறுபடி பேசியபோது குரல் சன்னமாகிவிட்டிருந்தது.

"நாளைக்கு யாரையாவது தள்ளி விடு. இந்தப் பக்கமா விழற மாதிரி. நான் வந்து சொல்றேன்."

மஜ்ஜை பிடித்ததா என்று அன்றைக்கு டாக்டருக்கே தெரியாது. ரத்தத்தில் கொஞ்சம் ஏதோ தெரிகிறது, நாளைக்கும் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். பூஞ்சையும் அப்படியேதான் இருந்தது.

மறுநாள் காலை குண்டூசி சீக்கிரமே வந்துவிட்டான். நடைபாதையில் யாரும் இல்லை. காந்தத்தை எடுத்து, இருப்பதிலேயே சின்னப் பையனை, ஈறு நிறப் பையோடு, மெதுவாக இழுத்துச் சன்னல் பக்கம் சாய்த்தான். பொத்தானை அழுத்தி, "அக்கா, ஒருத்தன் விழுந்துட்டான்" என்றான்.

உள்ளே அக்கா ஏற்கெனவே உட்கார்ந்து, காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.